வாயை மூடி எடுத்த மூன்று போட்டோ

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லாருமே அதிபுத்திசாலிகள்தான். உத்தமபாளையத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் வேலை பார்க்க உட்கார்ந்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன். (யாரும் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன்.)

முதல் கேஸ், ராயப்பன்பட்டி சூசை வாத்தியார். ஸ்கூட்டருக்குக் குறுக்கே ஓடிவந்த ஆடு தப்பித்தது. அவருடைய முன்பற்கள் இரண்டும் தப்பவில்லை. அடுத்த புதன்கிழமை மகளுக்குக் கல்யாணம். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. பொக்கை வாயோடு சம்பந்தி முன்னால் நிற்க முடியாது என்று கண்கலங்கினார். இன்சூரன்ஸ் கம்பெனி அனுமதி கொடுத்தால்தான் டாக்டர் பல் கட்டுவார். அனுமதிக்கு, சிகிச்சைக்கு முந்தைய போட்டோ வேண்டும்.

ஆபீசுக்கு அனுப்பும் போட்டோ எப்படி இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தலை சீவவைத்து, பவுடர் போடவைத்து, வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தினேன். அவர் பாவம், தானாகவே வாயைத் திறந்து காட்டினார்.

"சார், ஆபீஸ் போட்டோவுல பல்லு தெரியக் கூடாது. வாய மூடுங்க" என்று அதட்டினேன். நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடித்தேன்.

சனிக்கிழமை காலையில் பதில் வந்தது. முகம் நன்றாக இருக்கிறதாம், பல் எங்கே என்று கேட்டிருந்தார்கள். மதியத்துக்குள் அனுப்பாவிட்டால் அடுத்த வாரக் கடைசியில்தான் பார்ப்பார்களாம். டாக்டர் பார்த்த பார்வையில், ஊசி போடாமலே எனக்கு வாய் மரத்துப்போனது.

வாத்தியார் போனை எடுக்கவில்லை. பஸ் பிடித்து ஓடினேன். வீட்டு முன்னறையில் யாரோ வேட்டிக்காரரோடு, வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். நான் வாசலிலிருந்தே போனை நீட்டினேன்.

"சார், வாயத் தொறங்க. பல்லு ரெண்டும் போன எடம் நல்லாத் தெரியணும்."

வேட்டிக்காரர்தான் தேவாரம் ஊரிலிருந்து வந்திருந்த சம்பந்தி என்பதும், வாத்தியார் சளி என்று சொல்லி அதுவரை சமாளித்துக்கொண்டிருந்தார் என்பதும் அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. கல்யாணமே நின்றுவிடுமோ என்று போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

சம்பந்தி எழுந்தார். "இதுக்கா மூஞ்சிய மூடிக்கிட்டு இருந்தீக? எனக்கு மொத்தமுமே செட்டுத்தேன்" என்றவர், மேல்வரிசையை அப்படியே கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வாத்தியார் கைக்குட்டையை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் எடுத்து அனுப்பினேன். அன்றைக்கே அனுமதி வந்தது.

புதன்கிழமை புதுப் பல்லோடு மகளைக் கோயிலுக்கு அழைத்துப்போனார். என்னையும் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கியதும் வாத்தியாரிடம் என் மூன்று போட்டோ கதையைக் கேட்டிருந்த சம்பந்தி, கூட்டத்துக்குள் என்னைத் தேடிப்பிடித்தார்.

"ஏத்தா, நீ சொல்லு. வாயத் தொறக்கவா, மூடவா?"

என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் போட்டோ எடுத்தாலும் மொத்தக் குடும்பமும் வாயை இறுக்க மூடிக்கொண்டு என்னையே பார்க்கிறது. நான் உத்தரவு கொடுக்கும்வரை ஒருவரும் சிரிப்பதில்லை.