சகலை கையில் நிலா

"பத்து நிமிஷத்துல நானே போன் பண்றேன் அத்தே" என்று ரிசீவரை வைத்த சீனுவாசன், தன் மணிக்கட்டைப் பார்த்தான். நிலா போன வாரத்திலேயே நின்றிருந்தது.

அது சாதாரண வாட்ச் இல்லை. மணி, தேதி, கிழமை, மாதம் எல்லாம் காட்டும். கீழே அரைவட்டமாக ஒரு ஜன்னல். அதில் நீல வானம், பொன்னிற நிலா. நிலா தினம் வளரும், பிறகு தேயும். ஜன்னலைச் சுற்றி ஒன்றிலிருந்து இருபத்தொன்பதரை வரை எண்கள். அமாவாசையிலிருந்து எத்தனையாவது நாள் என்று ஒரு குட்டி முள் காட்டும். சாவி கொடுக்க வேண்டியதில்லை. கை ஆடினால் போதும், ஓடும். போன வாரம் காய்ச்சலில் சீனுவாசன் ஐந்து நாள் படுத்தான். கை ஆடவில்லை. வாட்சும் கூடவே படுத்துவிட்டது.

காலையில் மணியையும் தேதியையும் சரி செய்துவிட்டான். நிலாவை எப்படி வைப்பது என்று தெரியவில்லை. வாட்சோடு வந்த புத்தகம் ஜப்பான் பாஷையில் இருந்தது.

போனில் வந்தது மாமியார் தைலம்மாள், வளவனூரிலிருந்து. மகன் ரஞ்சித்துக்குப் பெண் பார்த்தாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருகிறார்கள். நாள் நன்றாக இருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றிவிடலாம்.

"ஞாயித்துக்கிழமை இன்னா திதின்னு உங்க கையில பாத்துச் சொல்லுங்க மாப்ளே. சின்ன மாப்ளைகிட்டயும் கேக்கறேன். யாரு சரியா சொல்றாங்களோ, அவங்க கையாலதான் தட்டு."

சின்ன மாப்பிள்ளை என்றால் சகலை வெற்றிவேல். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவன். இந்த மாதிரி வாட்சை முதலில் கட்டியவன் அவன்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தீபாவளிக்கு அதைக் கட்டிக்கொண்டு வளவனூருக்கு வந்தான். தைலம்மாள் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். "எங்க சின்ன மாப்ளே நிலாவையே கையில கட்டிக்கினு வந்துட்டாரு!" அன்று மதியம் முதல் இலை அவனுக்குப் போட்டாள்.

சீனுவாசன் மூத்த மாப்பிள்ளை. ஒன்பது வருஷமாக முதல் இலையில் உட்கார்ந்தவன். அந்த வீட்டுக் கிணற்று மோட்டாரை மூன்று முறை கழற்றி மாட்டியவன். அன்றைக்கு இரண்டாவது இலையில் உட்கார்ந்தான். சோறு இறங்கவில்லை. மூன்று மாதம் அலைந்து, கோட்டக்குப்பத்தில் துபாயிலிருந்து வந்திருந்த ஒருவரிடம் அதே வாட்சை வாங்கினான். முதல் இலை திரும்பி வரவில்லை. இரண்டாவதாகக் கட்டியவனை யாரும் தெருவுக்குக் கூப்பிட்டுக் காட்டுவதில்லை.

இப்போது தட்டு.

விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீசை போர்ட்டர் சவுரிராயனிடம் விட்டுவிட்டு, எதிரே இருந்த வாட்ச் கடைக்கு ஓடினான். ராயப்பன் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வாட்சைத் திருப்பிப் பார்த்தார்.

"பக்கத்துல குழியா இருக்குது பாரு, அதான் நிலா பட்டன். குண்டூசியால குத்து. ஒரு குத்துக்கு ஒரு நாள். மொதல்ல நிலா மொத்தமா மறையற வரைக்கும் குத்து. அது அமாவாசை. அப்பால அமாவாசையிலேருந்து இன்னிக்கு எத்தினி நாளோ, அத்தினி குத்து. பின்னாடி வராது, ஜாக்கிரதை. சாயங்காலம் ஆறுக்கு மேல தொடாத. உள்ள பல்லு ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கினு இருக்கும்."

"அவ்ளோதானா?"

"நிலா அவ்ளோதான். மனுசன்தான் பேஜாரு."

ஆபீசுக்குத் திரும்பி நிலாவை மறைய வைத்தான். அமாவாசை போன வெள்ளிக்கிழமை. இன்று புதன். விரல் விட்டு எண்ணினான். "சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். அஞ்சு."

மூட்டை மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த சவுரிராயன் சிரித்தான். "வெள்ளிக்கிழமைய வுட்டுட்டியே சார்."

"அது அமாவாசைடா."

"இருக்கட்டுமே. எங்கப்பனுக்குப் பதினாறாம் நாளு எண்ணும்போது, செத்த அன்னிக்குத்தான் ஒண்ணுன்னு ஆரம்பிச்சோம். அதை வுட்டா பதினேழாயிடும். சொந்தக்காரன் சும்மா வுடுவானா?"

சீனுவாசனுக்கு அது நியாயமாகப் பட்டது. அவன் அப்பாவுக்கும் அப்படித்தான் எண்ணினார்கள். ஆறு முறை குத்தினான். முள் ஆறில் நின்றது. புதன் ஆறு என்றால் ஞாயிறு பத்து. பத்தாம் நாள் தசமி.

போனை எடுத்தான். "அத்தே, ஞாயித்துக்கிழமை தசமி. அம்சமான நாளு. கண்ண மூடிக்கினு வரச்சொல்லுங்க."

"சின்ன மாப்ளே இன்னும் பாக்கலையாம். நாளைக்குச் சொல்றேன்னாரு. நீங்க டக்குனு சொல்லிட்டீங்க" என்றாள் தைலம்மாள். பதினோரு வருஷத்தில் அவள் குரலில் அந்த மரியாதையை அவன் கேட்டதில்லை. மீதி நாள் முழுக்கக் கையை ஆட்டி ஆட்டியே வேலை பார்த்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் சும்மா காலண்டரைத் தூக்கிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது: நவமி.

அஷ்டமி நவமியில் ஒரு செருப்பு வாங்கக்கூட யோசிக்கிற வீடு அது. அந்த நாளில் மூத்த மாப்பிள்ளை தட்டு மாற்றச் சொல்லியிருக்கிறான். வெற்றிவேல் நாளைக்குத் தன் வாட்சைப் பார்த்து நவமி என்பான். சிரிப்பான். அவன் சத்தமாகச் சிரிக்க மாட்டான். மீசைக்குள் சிரிப்பான். அதை நினைத்ததும் சீனுவாசனுக்குக் காது சுட்டது.

ஒரு நாள் பின்னால் போக வழியில்லை. முழுச் சுற்றும் சுற்றித்தான் வரவேண்டும். மனைவி பரிமளாவின் ஊசி டப்பாவைத் திறந்தான்.

"மணி ஏழாவுது. இருட்டுல இன்னா குத்திக்கினு கீற?" என்றாள் மனைவி.

ஏழு மணி என்று காதில் விழுந்தது. மூளைக்குப் போவதற்குள் கை குத்திவிட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம். பட்டன் உள்ளே போனது. வெளியே வரவில்லை. முள்ளும் இருந்த இடத்திலிருந்து அசையவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் வாட்சைக் கழற்றி டி.வி. மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அது தண்ணீர் ஆகாத வாட்ச். திரும்பி வரும்போது பரிமளா போனை வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"தங்கச்சிதான். சும்மா பேசிக்கினு இருந்தோம்."

கடை திறந்ததும் ராயப்பன் முன் நின்றான். அவர் பின்பக்கத்தைத் திறந்து பார்த்து மூடினார்.

"ஆறுக்கு மேல தொடாதன்னேனா இல்லியா? ஸ்பிரிங்கு போச்சு. பாண்டிக்கு அனுப்பணும், பத்து நாளாவும்."

"அப்போ ஓடாதா?"

"வாட்ச் ஓடும். நிலாவும் ஓடும். ஆனா இனிமே நீ சொல்றத கேக்காது."

அதாவது நாட்டுக்கு வியாழன் என்றால் அவன் கை நிலாவுக்கு வெள்ளி. ஞாயிறு வரைக்கும் இப்படித்தான்.

மதியம் தைலம்மாள் போன் செய்தாள். சீனுவாசன் ரிசீவரை எடுத்தான்.

"சின்ன மாப்ளையும் தசமின்னுதான் சொன்னாரு. நீங்க முந்திக்கினீங்க. தட்டு உங்களுக்குத்தான்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடம். சந்தேகம்தான் வந்தது. வெற்றிவேல் வேண்டுமென்றே தசமி என்று சொல்லி வைத்து, ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் வாட்சை நீட்டிக் கழுத்தறுக்கப் போகிறான். அவன் இடத்தில் சீனுவாசன் இருந்தால் அதைத்தான் செய்வான்.

சனிக்கிழமை லீவு போட்டான். குளித்துவிட்டு வந்து, "திண்டிவனத்துல ஒரு பார்சல் கேஸு" என்று பரிமளாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினான். அவள் அப்போதும் போனை வைத்த கையோடுதான் நின்றிருந்தாள்.

மண்டியில் வெற்றிவேல் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். ஆனி வெயிலில், மல்லாட்டைத் தூசியில், மணிக்கட்டு வரைக்கும் பட்டன்.

"வாங்க சகலை. இன்னா இந்தப் பக்கம்?"

"சும்மா. மணி இன்னா சகலை?"

வெற்றிவேல் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினான். "பதினொண்ணே கால்."

"கையில கட்டிக்கினு சுவத்தக் காட்டறீங்களே."

"நீங்களுந்தான் கட்டிக்கினு என்னைக் கேக்கறீங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

தராசுக்கு மூட்டை வந்தது. சீனுவாசன் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தான். சகலை மூட்டை தூக்கும்போது சும்மா நிற்க முடியாமல் வெற்றிவேல் மறுபக்கம் பிடித்தான். கை மேலே போனது. சட்டைக் கை கீழே இறங்கியது. மூட்டைக்கு மேலாகத் தலையை நீட்டி சீனுவாசன் பார்த்துவிட்டான். ஜன்னலில் அரைக்கு மேல் நிலா. முள் ஒன்பதில்.

தன் கையைப் பார்த்தான். ஒன்பது.

மூட்டையைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டான். வலி தெரியவில்லை. இரண்டு ஊரில் இரண்டு வாட்ச் ஒரே எண்ணைக் காட்டுகிறது. அப்படியானால் தப்பு காலண்டரில்! நொண்டிக்கொண்டே பஸ் ஏறினான். செஞ்சி ரோடு தாண்டியதும் அடுத்த எரிச்சல் வந்தது. வெற்றிவேல் வாட்சும் சரியாகத்தானே ஓடுகிறது? இரண்டு வருஷமாகியும் அதற்கு ஒரு கேடும் வரவில்லையே?

ஞாயிற்றுக்கிழமை வளவனூரில் கூடம் நிறைந்திருந்தது. பெண்ணின் அப்பா கிருஷ்ணசாமி சட்டைப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து விரித்தார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. காலையில கிழிக்கும்போதுதான் பாத்தேன். இன்னிக்கு நவமின்னு போட்டுருக்குது. நீங்க தசமின்னு சொல்லி வுட்டீங்க."

தைலம்மாள் முகம் வெளுத்தது. "நாளைக்கு வெச்சிக்கலாமா?"

"என் தம்பி காலையில பம்பாய் ரயில் ஏர்றான். அவன் இல்லாம தட்டு மாத்த மாட்டேன். நாலு நாள்ல ஆடி பொறக்குது. ஆவணிக்குப் பாப்போம்." பிறகு மெல்லச் சொன்னார். "அதுக்குள்ள செஞ்சியிலேருந்து ஒரு எடம் வேற வரேன்றாங்க."

ரஞ்சித் நிமிர்ந்து மூத்த மாமாவைப் பார்த்தான். சீனுவாசன் எழுந்தான். இதற்காகத்தான் நேற்று காலில் மூட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா, அந்தக் காலண்டர் உரக்கடையில சும்மா குடுத்தது. இது துபாய் வாட்ச். இன்னிக்குப் பத்து. தசமி. சகலை, கையக் காட்டுங்க."

வெற்றிவேல் தயங்கினான். அவன் நெற்றியில் வியர்வை. பிறகு கையை நீட்டினான். பத்து.

கிருஷ்ணசாமி இரண்டு மணிக்கட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு வாட்ச்சு தப்பாவும் மாமா, ஒத்துக்கறேன்" என்றான் சீனுவாசன். "ரெண்டு ஊர்ல, ரெண்டு பேரு கையில இருக்கிற ரெண்டு வாட்ச்சு ஒரே மாதிரி தப்பாவுமா? அதுவும் எங்க ரெண்டு பேருக்கும் ஆவாதுன்னு இந்த ஊருக்கே தெரியும். பேசி வெச்சிக்கினு பொய் சொல்ற அளவுக்கு நாங்க ஒத்துமையா?"

கூடம் சிரித்தது. கிருஷ்ணசாமியும் சிரித்தார். வெற்றிவேல் மட்டும் தரையைப் பார்த்தபடி, "அண்ணன் சொல்றது கரெக்ட்டு" என்றான். அவன் வாயிலிருந்து 'அண்ணன்' வந்தது அதுதான் முதல் தடவை.

தைலம்மாள் காலண்டர் தாளை வாங்கிக் கசக்கி எறிந்தாள். பூவும் பழமும் வைத்த தட்டைத் தூக்கி மூத்த மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். சீனுவாசன் அதை வெற்றிவேலின் மூக்குக்கு நேரே ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுத்தான் பெண் வீட்டார் பக்கம் திரும்பினான்.

கிருஷ்ணசாமி இரண்டு கையையும் நீட்டியவர், பாதியில் நிறுத்தினார். "கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன் மாப்ளே. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் வெச்சது இல்லியே?"

"சத்தியமா இல்ல மாமா."

வெற்றிவேலின் ஏழு வயது மகள் அஸ்வினி, லட்டு அடைத்த வாயோடு கிருஷ்ணசாமியை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கப்பா வாட்ச்ல நெலா ஓடறதே இல்ல தாத்தா, பெரியப்பா குளிக்கப் போனதும் டி.வி. மேல இருக்கிற அவரு வாட்ச்சப் பாத்து பெரியம்மா போன்ல சொல்லும், எங்கப்பா குண்டூசியால குத்தி அதே நம்பர்ல வெச்சிக்குவாரு."