மின்னல் கை கட்டி நின்ற கதை

அன்பு நிறைந்த, அறிவு கொஞ்சம் குறைந்த அக்கா மகளுக்கு, உன் ஒரே தாய்மாமன் ஆசியோடு எழுதுவது. இங்கு நான் நலம், சிங்கம் போல் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

"நீங்க சும்மா உட்காருங்க மாமா, நானே ஊட்டி விடறேன்" என்று என்னை இந்த முதியோர் இல்லத்திலிருந்து கூட்டிப் போக வருகிறாயாமே. வராதே! பக்கவாதத்தில் விழுந்தது வலது கைதான், மாமன் விழவில்லை.

இங்கே என்னைக் கவனிக்கிற பெண்ணுக்கு மின்னல் என்று பேர் வைத்தது நான்தான். கண் மூடித் திறப்பதற்குள் சட்டை மாட்டி, பொத்தான் போட்டு, தலையும் சீவிவிடுவாள். இப்போது அவளுக்குப் போன் வழியாகப் பயிற்சி. எங்கோ இருக்கிற டீச்சர் ஒருவர், சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்குள்ளிருந்து, "நீங்க செஞ்சு குடுக்காதீங்க, அவங்களையே செய்ய வைங்க" என்கிறார். பாடத்துக்கு ஆள் வேண்டுமே, இல்லத்திலேயே புத்திசாலி யாரென்று தேடி என்னைப் பிடித்தார்கள். அன்று தேநீர்ப் பாடம், மின்னலுக்குக் கடைசிப் பரீட்சை. நான் பாலை அடுப்பில் வைத்ததும் அவள் கை தானாக நீண்டது. "கையைப் பின்னால கட்டுங்கம்மா! நான் சொல்ற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது!" என்றார் டீச்சர். கட்டினாள். அந்த நேரம் பார்த்துப் போனில் படம் நின்றுவிட்டது, டீச்சர் திறந்த வாய் திறந்தபடி. பால் பொங்குது. "ஏம்மா, அணைம்மா!" என்கிறேன். "டீச்சர் இன்னும் சொல்லலியே ஐயா, தேறலன்னா வேலை போயிடும்" என்கிறாள், கண்ணில் தண்ணியோட, கட்டின கையை அவிழ்க்காம! தீ கூரையைத் தொட்டது, பக்கத்துத் தெரு சனமெல்லாம் ஓடி வந்தது, பாய்ந்தேன், அணைத்தேன். அப்புறம்தான் போனுக்கு உயிர் வந்தது.

"யாரு அணைச்சது?"

"நான்தான்!"

"எந்தக் கையால ஐயா?"

"விழுந்த கையால!"

டீச்சர் கை தட்டினார். மின்னல் தேறிவிட்டாள். இனி அந்த டீச்சருக்கே நான்தான் பாடம் எடுக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆகவே இந்த ஜென்மத்தில் உன் கரண்டி என் வாய்க்கு வராது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கோபித்துக்கொண்டாலும் நீ நூறு வயது இருப்பாய்.

இப்படிக்கு,
எவருக்கும் அடங்காத உன் மாமா

பி.கு.: தீ கூரையைத் தொடவில்லை, அடுப்பு மேடை நனைந்தது, அவ்வளவுதான். அணைத்தது இடது கை. ஆனால் வலது கையும் கூடவே எழுந்து பாதி வழி வந்தது, அது நிஜம், மின்னல் சாட்சி. சட்டையும் இப்போது நானேதான் மாட்டுகிறேன், கழுத்துப் பொத்தான் மட்டும் இன்னும் மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா. தேநீர் நான் போடுகிறேன், பாதி சிந்தும். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில். நான் சொல்கிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது.