கன்ஃபர்மாவும் காணாமல் போன அருவியும்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால் உலகம் முழுக்க ஒப்புக்கொள்ளும். கீழப்பாவூரில் ஒருத்தி மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள். "யாரு சொன்னா? நீங்க போய்ப் பாத்தியளா? கன்ஃபர்மா?" என்று மூன்று கேள்வி கேட்பாள். மறுநாள் விடியற்காலையில் மொட்டைமாடியில் போய் நின்று பார்த்து, பக்கத்து மாடியில் துணி காயப்போடுபவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் இறங்குவாள். அவளுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தாண்டி அது எங்கும் புழங்கவில்லை. கல்லூரி முழுக்க அவள் 'கன்ஃபர்மா'தான்.

எனக்கு அவள் வகுப்புத் தோழி. சிரிக்காதீர்கள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருபது வருஷத்துக்கு மேல் டாக்டர்கள் வாசலில் டை கட்டி நின்றவன் நான். நாற்பத்தாறாம் வயதில் வேலையை விட்டுவிட்டு, தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் டிஜிட்டல் மீடியாவும் இதழியலும் படிக்க முதுகலையில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் சிலருக்குக் கை கால் உதறும். நான் எதையாவது செய்து தொலைப்பேன்.

முதல் நாள் வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றார்கள். நானும் மாணவன்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் "உக்காருங்க" என்று வந்துவிட்டது. மேசையில் பதிவேடு கிடந்தது. பாதி வகுப்புக்கு அட்டென்டன்ஸ் எடுத்துவிட்டேன். அப்போது மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீங்க சார்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா."

"அப்போ எறங்கி வாங்க அண்ணாச்சி. இங்கன ஒரு எடம் கெடக்கு."

அந்த இடத்தில்தான் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன்.

கல்லூரியில் இருந்ததை எல்லாம் அவள் ஒரு சொட்டு விடாமல் பிழிந்து குடித்தாள். எங்கள் துறையில் ஒரு நல்ல கேமரா உண்டு. யாராவது ஆய்வுக்கு வந்தால் மட்டும் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பெட்டிக்குள் வைப்பார்கள். அவள் தினமும் காலையில் போய்க் கேட்டாள். லேப் அண்ணன் "நாளைக்கு வா" என்பார். நாளைக்குப் போவாள். ஒரு மாதத்தில் மனிதர் சாவியையே அவள் கையில் கொடுத்துவிட்டு, "ஏ தாயி, ஒன் மூஞ்சியக் காலைல பாக்கதுக்கு அந்தக் கேமராவே போய்த் தொலையட்டும்" என்றார். எதுவும் சரியா என்று பார்க்க வேண்டுமென்றால் நேரே உரிய துறைக்குப் போய்விடுவாள். பாம்பு பற்றி எழுதினால் விலங்கியல் துறை, காளான் என்றால் தாவரவியல் துறை. "இம்புட்டு வாத்தியார ஒரே காம்பவுண்டுக்குள்ள இனி எங்க போய்ப் பிடிக்கது?" என்பாள்.

இதனால் எல்லாரும் அவளை விரும்பினார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒருநாள், ஓய்வுபெற்ற பழைய பிரின்சிபால் காலமாகிவிட்டார் என்று வாட்ஸப்பில் செய்தி வந்தது. மதியத்துக்கு மேல் விடுமுறை. நாங்கள் ஆழ்ந்த வருத்தத்துடன் சினிமாவுக்கு ஆட்டோ பேசிக்கொண்டிருந்தோம். அவள் பிரின்சிபால் வீட்டு நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் போட்டாள்.

"சார், நீங்க இருக்கியளா?"

"இருக்கேம்மா. யாரு பேசுதது?"

"கன்ஃபர்மா சார்?"

பாவம், அவர் போனை மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாளும் உறுதிசெய்தார். விடுமுறை ரத்தானது. ஒரு மனிதர் உயிரோடு இருப்பதற்காக ஒரு கல்லூரியே கண்ணீர் விட்டது அன்றைக்குத்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் துறைக்கு இணையத்தில் ஒரு செய்திப் பக்கம் இருந்தது. சீசனில் தினமும் காலை ஏழு மணிக்கு அதில் 'அருவி நிலவரம்' போடுவோம். குற்றாலத்தில் எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர், குளிக்க விடுகிறார்களா, இல்லையா என்று நாலு வரியும் ஒரு படமும். வேன்காரர்கள் அதைப் பார்த்துத்தான் வண்டியைக் கிளப்புவார்கள். சனிக்கிழமை என் முறை. எங்கள் பேராசிரியர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்: "போகாமப் போட்டா, பக்கத்துலேர்ந்து பேரு போயிரும். இன்டெர்னல் மார்க்கும் போயிரும்." அந்தப் பக்கத்தில் வரும் என் பேர் ஒன்றுதான், வேலையை விட்டதற்கு ஊருக்கு நான் காட்டிக்கொண்டிருந்த சாட்சி.

இங்கே தென்காசிக்காரர்களின் ஒரு ரகசியத்தை உடைக்க வேண்டியிருக்கிறது. சீசன் வந்தால் எங்கெங்கோ இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் போன் போட்டு நலம் விசாரிப்பார்கள். மூன்றாவது வாக்கியம், "அருவில தண்ணி விழுதா?" இங்கே வீடு வைத்திருப்பவன், "எங்க விழுது? வெயிலு மண்டையப் பொளக்கு" என்பான். சொல்லும்போதே ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து அவன் சட்டை நனைந்துகொண்டிருக்கும்.

சீசனில் ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் என்னை வழிமறித்தாள்.

"சென்னையிலேர்ந்து எந்தம்பி கேட்டான். வேன்ல பதினாலு பேராம். தண்ணி விழலன்னு சொல்லிட்டேன். போன தடவ வந்துட்டுப் போனதுக்கே எனக்கு இடுப்பு இன்னும் நிமிரல. நாளைக்கு நீங்க நிலவரம்னு சொல்லி என்னத்தையாவது போட்டிய..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. என்னிடம் அவள் முடிக்காத வாக்கியங்கள்தான் ஆபத்தானவை.

ராத்திரி முழுக்கப் புரண்டேன். காலையில் பயம் வேலையைக் காட்டியது. போனில் மே மாதம் எடுத்த படம் ஒன்று கிடந்தது. வெறும் பாறை, அதன்மேல் ஒரு குரங்கு. அதைப் போட்டு, "பேரருவியில் நீர்வரத்து இல்லை. சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்" என்று எழுதினேன். அந்த நேரத்தில் ஏமாந்தவன் ஒருத்தனும் இல்லை. இனிமேல்தான் ஏமாறப் போகிறார்கள்.

ஒன்பதரைக்குப் போன் வந்தது.

"அண்ணாச்சி, நிலவரம் போட்டியளே, போய்ப் பாத்தியளா?"

"பாத்தேம்மா."

"கன்ஃபர்மா?"

"கன்ஃபர்ம். அது என்ன அங்கன அவ்வளவு எரைச்சல்?"

"நீங்க இல்லன்னு போட்ட தண்ணி."

என் சனிக்கிழமைச் செய்தியைச் சரிபார்க்கக் கீழப்பாவூரிலிருந்து பஸ் ஏறிக் குற்றாலம் வந்திருக்கிறாள்! போன் கைமாறியது. குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர் பேசினார். "ஏ அண்ணாச்சி, சனிக்கெழமையும் அதுவுமா வேனு ஒண்ணையும் காணோம். எண்ணெய எனக்கே தேச்சிட்டு ஒக்காந்திருக்கேன். நீரு எந்த ஊரு அருவியவே பாத்தீரு?"

மறுபடி அவள் போனுக்கு வந்தாள். "பேசாம அழிச்சிருதேம்மா" என்றேன்.

"பக்கத்துலேர்ந்து அழிச்சிருவிய. பாத்தவன் மண்டைலேர்ந்து எப்படி அழிப்பிய? கெளம்பி வாங்க."

போனேன். பதற்றத்தில் சட்டையை உள்வெளியாகப் போட்டிருந்தேன் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. அவள் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றாள். கேமரா மட்டும் புரோட்டாக் கடை பார்சல் கவருக்குள் ரப்பர் பேண்ட் போட்டுப் பத்திரமாக இருந்தது. அருவியை முதுகுக்குப் பின்னால் வைத்து என்னை நிறுத்தினாள்.

"ம், சொல்லுங்க."

"தொழில்நுட்பக் கோளாறு காரணமாக..."

"எந்தத் தொழில்நுட்பம்? என்ன கோளாறு?"

"பழைய படம்னு வேணா சொல்லுதேன்."

"பழைய படம் தானா வந்து ஏறிக்கிட்டாக்கும்? ஏன் போட்டிய?"

வேறு வழியில்லாமல் மச்சினன், பதினாலு பேர், இடுப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கேமராவை மறுபடி கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"அதையே சொல்லுங்க. இடுப்ப மட்டும் விட்டுருங்க. அது மதினியோட சொந்த விஷயம்."

சொன்னேன். "பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. மச்சினன் குடும்பத்தோடு வந்துவிடுவார் என்று பயந்து, நேரில் பார்க்காமல் நான் போட்டது பொய்." ஆறு முறை எடுத்தாள். 'பொய்' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நான் முழுங்கினேனாம். ஏழாவது முறை எண்ணெய்க்காரர் கைதட்டினார். அவளே பக்கத்தில் நின்று பேராசிரியருக்கும் என்னைப் போன் போட வைத்தாள். காலையில் போட்ட அதே பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே தெரிகிற மாதிரி, என் பேரோடு அந்த வீடியோ ஏறியது.

தென்காசியில் போன் வைத்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பாதிப் பேர் எனக்குப் போன் போட்டு, "ஏவே, நம்ம ரகசியத்த இப்படியா போட்டு ஒடைப்பீரு?" என்று ஏசினார்கள். சாயந்தரம் மச்சினன் கூப்பிட்டான்.

"அத்தான், வீடியோ பாத்தேன்."

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"தண்ணி நல்லா விழுதுல்லா? கெளம்பிட்டோம்."

பதினாலு பேர் என்றது பதினேழாக வந்து இறங்கியது. நாலு நாள் என் மனைவி என்னோடு பேச வேண்டியதையெல்லாம் அவள் தம்பி வழியாகத்தான் பேசினாள்.

பேராசிரியர் இன்டெர்னலில் கைவைத்தார். பேரை மட்டும் எடுக்கவில்லை. அதற்குப் பதில் வேறு தண்டனை. படிப்பு முடியும்வரை நான் எது போட்டாலும் கன்ஃபர்மா பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் ஏறும். அடுத்த சீசன் முழுக்க விடிந்ததும் அருவிக்கரையில் நின்று அவளுக்குப் போன் போட்டேன். "விழுது" என்பேன். "கன்ஃபர்மா?" என்பாள். போனை அருவிப் பக்கம் நீட்டுவேன்.

இப்போது அவள் சென்னையில் ஒரு செய்தி நிறுவனத்தில், வருகிற செய்தி நிஜமா என்று பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். அங்கே எத்தனை பேருக்கு மதியத்துக்கு மேல் விடுமுறை போயிற்றோ. நான் குத்துக்கல்வலசையிலேயே சின்னதாக ஒரு உள்ளூர்ச் செய்திப் பக்கம் நடத்துகிறேன். போன சீசனில் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போன்.

"அண்ணாச்சி, ஆபீஸ்ல நாலஞ்சு பேரக் கூட்டிக்கிட்டு வரலாம்னு இருக்கேன். தண்ணி விழுதா?"

"விழுது. நேத்து சாயந்தரம் நானே போய்ப் பாத்தேன்."

அடுத்த கேள்விக்காகப் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

"சரி, டிக்கெட் போட்டுருதேன். மதினியக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

அப்புறம் சட்டையை மாட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு குற்றாலம் போய், அருவியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்துதான் காப்பி குடித்தேன்.