பிம்லட் உட்கார்ந்த வால்ட்ஸ்

ஷூவைக் கழற்றலாம் என்று எட்கர் பிம்லட் நாற்காலியில் உட்கார்ந்தார். அடியில் பிஸ்கட் முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

வேறு யாராவது என்றால் துள்ளி எழுந்திருப்பார்கள். பிம்லட் அசையவில்லை. எழுந்து பார்க்காதவரை அது உடையவில்லை என்று கொஞ்ச நேரமாவது நம்பிக்கொண்டிருக்கலாம். இப்படி ஒரு இசைத்தட்டின்மேல் உட்கார்ந்தபடியே நம்புவது அவருக்கு இது பன்னிரண்டாவது தடவை.

எங்கள் ஊர் லங்காஷயர் கடற்கரையில் இருக்கிறது. அங்கே பழைய நடன இசைத்தட்டுச் சங்கம் என்று ஒன்று உண்டு. பதினேழு பேர், நானும் ஒருவன். முப்பதுகளின் நடனக் குழுக்கள் வாசித்த தட்டுகள் எங்களிடம் நாற்பதாயிரம் தேறும். எல்லாம் அரக்குத் தட்டுகள், பீங்கான் மாதிரி உடையும். டிரம்ஸ் அடித்தவர் இருமினால்கூட அது யார் இருமல் என்று சொல்லிவிடுவோம். ஆனால் எங்களில் ஒருத்தருக்கும் நடனம் ஆடத் தெரியாது. நடன இசை ஓடும்போது எழுந்து ஆடுவது எங்களைப் பொறுத்தவரை சர்ச்சில் சீட்டியடிப்பது மாதிரி.

புதன்கிழமை மதியம் சர்ச் ஹாலில் தேநீர் நடனம் நடக்கும். தட்டு போடுவது நாங்கள், ஆடுவது ஊர்ப் பெண்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் ஆடிக்கொள்வார்கள். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இயந்திரத்தைச் சுற்றி நிற்போம். கடைசி ஜோடி நடனமான வால்ட்ஸை யாரோடு ஆடுகிறாளோ அவனோடுதான் ஒருத்தி வீட்டுக்கு நடப்பாள் என்பது ஊர் வழக்கம். நாங்கள் பதினேழு பேரும், மனைவி உள்ளவர்களும் சேர்த்து, வருஷக்கணக்காகத் தனியாகத்தான் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம்.

இந்த நிலைமையை மாற்ற, தனிக்கட்டையான பிம்லட் ரகசியமாக முடிவு செய்திருந்தார். மியூரியல் ஹாஸ்லமோடு ஒரே ஒரு கடைசி வால்ட்ஸ். அதற்காக இரண்டு வருஷமாகச் சமையலறையில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு பழகினார். துடைப்பம் ஒருநாளும் அவர் காலை மிதித்ததில்லை.

மியூரியலின் கணவர் ஸ்டான்லிதான் எங்கள் சங்கத்தை ஆரம்பித்தவர். இறந்து நாலு வருஷம் ஆகிறது. ரெக்ஸ் டாலிமோர் குழுவின் ஒரு வால்ட்ஸ் அவருக்கு உயிர். முப்பத்தொரு வருஷம், தினமும் சாப்பாடு முடிந்ததும் அதைப் போடுவார். மியூரியல் எதிரே வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். இப்படி ஒரு மனைவி நமக்கு வாய்க்கவில்லையே என்று நாங்கள் அவரவர் மனைவி காதுபடவே பெருமூச்சு விட்டிருக்கிறோம்.

அந்தத் தட்டைத்தான் மியூரியல் பிம்லட்டிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அடுத்த புதன்கிழமை கடைசி வால்ட்ஸுக்கு இதைப் போடுங்கள், அதுவரை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொன்னாராம். பிம்லட் அன்றைக்கே எனக்குப் போன் செய்து பத்து நிமிஷம் மூக்கை உறிஞ்சினார். மறுநாள் காலையில் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பசை போட்டு ஒட்டினார். ஒட்டியது என்னவோ உண்மைதான். ஆனால் தட்டு நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று சுற்றுவது. விரிசலும் எழுபத்தெட்டு தடவை 'டக்' என்றது. வால்ட்ஸுக்கு பதிலாகப் பட்டாளம் நடந்தது.

அதே தட்டு இன்னொன்று பிரெஸ்டனில் ஒருவரிடம் இருந்தது. இந்தக் கூட்டத்தில் யாரும் விற்கமாட்டார்கள், மாற்றிக்கொள்வார்கள். பிம்லட் தன்னிடமிருந்த மிக நல்ல தட்டுகள் ஆறைக் கொடுத்து அந்த ஒன்றை வாங்கிவந்தார். வந்த பிறகுதான் நடுவிலுள்ள காகிதம் நினைவுக்கு வந்தது. பழைய தட்டின் காகிதத்தில் ஸ்டான்லி மையால் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை ஊறவைத்துக் கழற்றினார். புதுத் தட்டின் காகிதத்தைக் கழற்றுவதற்காகத் தட்டைக் கொதிக்கும் கெட்டிலுக்கு மேல் பிடித்தார். காகிதம் உரிந்தது, கூடவே தட்டும் தொப்பி மாதிரி வளைந்தது. போட்டுப் பார்த்தால், பாடகர் கப்பலில் வாந்தி எடுக்கப்போகிறவர் மாதிரி பாடினார்.

வளைந்ததை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து ஓவன் அடுப்பில் சூடாக்கினால் நிமிரும் என்று யோசனை சொன்னது நான். நிமிர்ந்தது. பாட்டு பதிந்த பள்ளங்களும் சேர்ந்தே நிமிர்ந்து, ஊசியை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் வழுக்கிக்கொண்டு போனது. அதற்கப்புறம் மூன்று நாள் பிம்லட் என்னோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் ஹாரோகேட்டுக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு கிழவரிடம் கடைசியாக ஒரு பிரதி இருந்தது. முதலில் அவர் மனசு இளக மறுத்தது. சாயங்காலம் பிம்லட் திரும்பியபோது கையில் தட்டு இருந்தது. அதற்கு மாற்றாக, பிம்லட்டுடைய அப்பாவின் கிராமஃபோன், ஊதுகுழலோடு, ஹாரோகேட்டுக்கே போய்விட்டது. இனி அவர் வீட்டில் எதையும் போட்டுக் கேட்க முடியாது.

"பைத்தியமாய்யா நீ?" என்று கேட்டேன்.

"மியூரியல் என்னை நம்பிக் குடுத்தாங்கய்யா. அவங்க முகத்துல ஒரு வருத்தம் வந்தா என்னால தாங்க முடியாது" என்றார்.

இந்தத் தடவை கெட்டிலின் பக்கமே போகவில்லை. ஸ்டான்லியின் காகிதத்தை மேலேயே ஒட்டிவிட்டார்.

புதன்கிழமை மியூரியல் நீலக் கவுனில் வந்தார். காலில் புது நடன ஷூ. மதியம் முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். அடிக்கடி பிம்லட்டைப் பார்த்தார். எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. கடைசி வால்ட்ஸ் அறிவித்ததும் அவரே எழுந்து இயந்திரத்தருகில் வந்தார்.

"அந்த ரெக்கார்டு எப்படி இருக்கு, எட்கர்? ஏதாவது சொல்லணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் குரலில் அத்தனை பரிவு இருந்தது.

பிம்லட் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு கீறல் இல்ல மியூரியல். இன்னும் நூறு வருஷம் ஓடும்."

"நூறு வருஷமா?"

"நான் உத்தரவாதம் தரேன்."

ஊசியை வைத்தார். டாலிமோர் குழு குறையில்லாமல் வாசித்தது. நாங்கள் பதினாறு பேரும் கிட்டே நெருங்கி, தலையைச் சாய்த்து, ஆகா என்றோம். பிம்லட்டும் இரண்டு வருஷத் துடைப்பப் பயிற்சியை மறந்து எங்களோடு சேர்ந்து தலையைச் சாய்த்தார். மூன்று நிமிஷம் கழித்து நிமிர்ந்து பார்த்தபோது மியூரியல் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். தட்டை உறையில் போட்டுக் கொடுத்ததும் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நன்றி என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, தனியாக நடந்து போனார்.

பிம்லட் இயந்திரத்தை மூடினார். தேநீர் போடும் ஹில்டா, மியூரியலின் பக்கத்து வீட்டுக்காரி, கோப்பைகளை அடுக்கிக்கொண்டே அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பாட்டு கேட்டு ஸ்டான்லி ஞாபகம் வந்திடுச்சு போல, அழுதுக்கிட்டே போறாங்க" என்றார் பிம்லட். "பரவாயில்ல ஹில்டா. இத்தனை பேர்ல என்னைத் தேடி வந்து குடுத்தாங்க, அந்த நம்பிக்கையைக் காப்பாத்திட்டேன். எனக்கு அது போதும்."

ஹில்டா தட்டத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க காப்பாத்துனீங்க? முப்பத்தொரு வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு நொந்தவ, தன் கையால உடைக்க மனசு வராம, யார்கிட்ட குடுத்தா ஒரு வாரத்துக்குள்ள உடையும்னு என்கிட்ட வந்து கேட்டா. நான்தான் யோசிக்கவே யோசிக்காம உங்க பேரைச் சொன்னேன்."