கந்தம்மாள் காட்டைத் தொடாத சாலை

சட்டமன்ற உறுப்பினர் கிபாயத்துல்லா கேட்ட சாலையை, வக்கீல் கிபாயத்துல்லா தடுத்து வைத்திருந்தார்.

கொடைக்கானல் அலுவலகத்தில் இன்ஜினீயர் சேனாதிபதி தயங்கித் தயங்கித்தான் இதைச் சொன்னார். "மன்னவனூர்ப் பக்கம் ரோடு போற வழியில கந்தம்மாள்னு ஒரு அம்மாவோட கிழங்குக் காடு கெடக்கு சார். அதைத் தொடக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு. வாதாடி வாங்குனது நீங்கதான்."

கிபாயத்துல்லாவுக்கு நன்றாக நினைவிருந்தது. சாலைக்காக நிலம் எடுக்கும் நோட்டீஸோடு வந்து நின்ற அந்த விதவைக்காகக் காசு வாங்காமல் வாதாடி ஜெயித்தார். அந்தப் பெயரில்தான் 1962-ஆம் வருடத் தேர்தலிலும் ஜெயித்தார். ஆனால் பிரசவ வலி கண்டவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலை இறங்கியவர்களிடம், சாலை போட்டுத் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"ரோடும் வரும். அந்தம்மா நிலத்துலயும் கை வைக்கமாட்டேன்" என்று எழுந்தார்.

மறுநாளே குதிரையேறி மேல்மலைக்குப் போனார். கந்தம்மாள் மண்வெட்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

"வாங்க வக்கீலய்யா! அந்த ரோட்டு விசயமா..."

"தெரியும்மா, பயப்படாதீங்க. ஜெயிச்ச கேஸை நானே தோக்கடிப்பேனா? வழியை மாத்தச் சொல்லிட்டேன்."

"அதில்லீங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். உங்களுக்காகப் பேசத்தானே நான் இருக்கேன்!"

மாற்றிய வழி பக்கத்துக் காட்டுக்காரர் பொன்னுவேலின் நிலத்தில் நுழைந்தது. "அந்தம்மாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" என்று அவர் கோர்ட்டுக்குப் போனார். கிபாயத்துல்லாவின் பழைய ஜூனியர், கிபாயத்துல்லாவின் பழைய வாதத்தையே எடுத்து விளாசி ஜெயித்தார்.

"ரெண்டு காடும் வேண்டாம். பாறையை உடைங்க!" என்றார் கிபாயத்துல்லா.

உடைத்தார்கள். பாறை சரிந்து ஓடையை அடைத்தது. ஓடை திரும்பிப் பொன்னுவேல் காட்டுக்குள் பாய்ந்தது. பொன்னுவேல் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார்.

"ஓடையைத் திருப்புங்க. மேல பாலம் கட்டுங்க!"

பாலத்துக்குப் பணம் கேட்டுச் சட்டசபையில் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்றார். அவர் எழுந்தாலே மந்திரி மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இருந்தும் கிபாயத்துல்லா விடவில்லை. பாலம் வந்தது.

1966 கடைசியில் சாலை முடிந்தது. ஒரு பீடி புகைந்து தீர்வதற்குள் நடந்துவிடக்கூடிய தூரத்தை, பஸ் மலையைச் சுற்றி, பாலம் ஏறி, நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்துக் கடந்தது.

திறப்பு விழாவில் கிபாயத்துல்லா கந்தம்மாளை மேடைக்கு அழைத்தார். "இந்தத் தாயோட காட்டுல ஒரு பிடி மண்ணைக்கூட எவனையும் தொடவிடல!" என்று முழங்கினார். கைதட்டல் ஓயவில்லை. முழங்கிய வேகத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. வேறு வழியில்லாமல் மைக்கைக் கந்தம்மாள் பக்கம் திருப்பினார்.

கந்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

"அன்னைக்கு நோட்டீசைக் கொண்டாந்ததே அதுக்குத்தானுங்க வக்கீலய்யா. ரோடு வெரசா வரட்டும், என் காட்டைச் சும்மாவே எடுத்துக்கிடட்டும்னு எழுதிக் குடுப்பீகன்னு வந்தேன்."