எருக்குழியில் புதைத்த நாவல்பழப் பானை

திருவெள்ளறை,
1961, ஆனி கடைசி.

மச்சினன் அடைக்கலத்துக்கு உன் அக்காள் புருஷன் வீரமலை எழுதிக்கொண்டது. இவ்விடம் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, மனசு ஒப்பவில்லை. அவ்விடத்து நலத்தை நான் கேட்கப்போவதில்லை. கோழிப் பண்ணையில் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் நலமாகத்தான் இருப்பாய்.

கோழிக்கு நாவல்பழத்தைத் தவிட்டில் கலந்து போடுங்க மாமா, சதை பிடிக்கும், கறி பஞ்சாக இருக்கும் என்று சொன்னது யார்? நீ. காயவைத்துப் போடச் சொன்னாயாம், உன் அக்காள் வக்காலத்து வாங்குகிறாள். காந்தி மார்க்கெட்டில் குத்புதீன் பாய் கடையிலிருந்து அடிபட்ட பழமாகக் கூடை கூடையாகக் கொண்டுவந்து காயப்போட்டால், ஆனிக் காற்றில் பாதி மண், மீதி ஈ. சரி, ஊறவைத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று பானைகளில் போட்டு, துவர்ப்புக்குக் கோழி ஒதுக்கிவிடக் கூடாதே என்று வெல்லத்தையும் உடைத்துப் போட்டு, வாயைத் துணியால் கட்டி, சூட்டில் இருக்கட்டும் என்று எருக்குழியில் புதைத்தேன். மதுவிலக்கு வந்த நாளிலிருந்து இந்த ஜில்லாவில் எருக்குழிக்குள் பானை புதைக்கிறவன் எதற்குப் புதைக்கிறான் என்று ஊருக்கே தெரியும். வெற்றிலைகூடப் போடாத எனக்குத்தான் தெரியவில்லை. நீயாவது சொல்லித் தொலைத்திருக்க வேண்டாமா?

ஊறியதை அள்ளித் தவிட்டில் பிசைந்து போட்டேன். கோழி கொழுத்தது, இல்லையென்று சொல்லவில்லை. உன் அக்காள் மகள் மயிலம்மாளுக்குப் பேசியிருந்த மண்ணச்சநல்லூர்க்காரர்கள் கை நனைக்க வந்தார்கள். பெண் வீட்டில் சாப்பிட்டுத் தாம்பூலம் வாங்கினால்தானே நம்மில் சம்பந்தம் உறுதி. மாப்பிள்ளையின் அப்பா ராசப்பன் அந்த ஊர் மதுவிலக்குக் குழுத் தலைவர். மனுஷர் கறியைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவக் கொல்லைக்குப் போனால், நம்ம சேவல் பட்டப்பகலில் தள்ளாடி வந்து அவர் காலில் சாய்ந்து தூங்கிவிட்டது. என்ன கண்றாவி இது என்று எருக்குழிப் பக்கம் போனவருக்கு வாசனை அடித்தது. துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டார்.

"பொண்ணு குடுக்குற வீட்ல சாராய ஊறல் போட்டிருக்கீங்களா?"

"கோழிக்குங்க" என்றேன்.

"கோழிக்கா?" என்றார். அவ்வளவுதான். கழுவாத கையோடு வண்டியேறிவிட்டார்.

அன்றையிலிருந்து மயிலம்மாள் என்னோடு பேசுவதில்லை. அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதே அவள் அழுதபோதுதான் எனக்குத் தெரிந்தது. வயிறு எரியுது அடைக்கலம். தெருவில் தலைகாட்ட முடியல, எதிர்ப்படுகிறவனெல்லாம் ஒரு டம்ளர் கிடைக்குமா மாமான்னு கேக்குறான். இனி இந்த வாசல்படியை மிதிக்காதே. அக்காளைப் பார்க்க ஆசையிருந்தால் ஸ்ரீரங்கத்துத் தேருக்கு வா, கூட்டிவந்து காட்டுகிறேன்.

மூத்தவன் என்ற முறைக்கு ஆசீர்வாதம் செய்தாக வேண்டும், செய்திருக்கிறேன். உன் குழந்தைகளுக்கு மட்டும் மனசார.

இப்படிக்கு,
வீரமலை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ராசப்பன் வந்து நிற்கிறார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். நேரே கொல்லைக்குப் போய்ச் சேவலைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "எங்க வீட்டுக் கோழிய இப்ப வாயில வைக்க முடியலைங்க. அந்த ஊறலத் தின்னது கோழிதான்னு என் நாக்கு சொல்லுது" என்றார். சம்பந்தம் உறுதியாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம், மறுநாள் கறிச்சோற்றுக்கு இதே கோழிதான் வேண்டுமாம். பழம் முடிவதற்குள் குத்புதீன் பாயிடம் சொல்லி இன்னும் நாலு கூடை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்து சேர். இப்படியொரு யோசனை யாருக்கு வரும் என்று சம்பந்தி கேட்டார். என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன். கோழிப் பேச்சு வந்தால் உனக்கு ஒன்றும் தெரியாது, என்ன?