காந்தக் காக்காவும் தலைகீழாய்ப் போன முள்ளும்

எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். ஐம்பதுகளில் கல்முனையில் காந்தக் காக்காவைவிடப் பயந்த மனிதர் ஒருவரும் இல்லை. அவரைவிட ஊரைப் பயங்காட்டியவரும் இல்லை. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். குட்டி போட்ட ஆடு எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார். கடலில் கால்கூட நனைக்கமாட்டார். அப்படிப்பட்டவர் ஆறு லொறிப் பற்றரிகளைக் கோத்து, தெருவையே நடுங்கவைத்த ஒரு கருவியைச் செய்தார்.

நான் வேலை பார்த்த இரும்புக் கடைக்கு அடுத்தது அவருடைய பட்டறை. நெல் மில், தண்ணீர்ப் பம்பு, உழவு மெஷின் எல்லாவற்றிலும் அப்போது மக்னீற்றோ என்றொரு உறுப்பு இருக்கும். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுப்பது அதுதான். அதற்குள் இருக்கும் லாடக் காந்தம் நாளாக ஆகச் சோர்ந்துபோகும். பிறகு எஞ்சின் நாலு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். கொழும்புக்கு அனுப்பினால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. "இஞ்சயே காந்தம் ஏத்தலாம்" என்று காக்கா சொன்னபோது நான் சிரித்தேன்.

பழைய மாட்டுவண்டி அச்சிரும்பில் இரண்டு துண்டு வெட்டினார். செப்புக் கம்பியை மருதமுனை நெசவுக்காரர் ஒருவரிடம் கொடுத்து, அதன்மேல் தறிநூலை நெருக்கமாகச் சுற்றுவித்து, மெழுகில் தோய்த்தெடுத்தார். அந்தக் கம்பியை இரும்புத் துண்டுகளில் நாள்கணக்காகச் சுற்றினார். சோர்ந்த காந்தத்தை அவற்றின்மேல் வைத்துக் கரண்டைப் பாய்ச்சினால் இழந்த பலம் ஒரு நொடியில் ஏறிவிடுமாம். ஆனால் சுவிச்சுக்குப் பக்கத்தில் போக அவருக்கு உயிர் போகும். கதவுக்கு வெளியே நின்று நீண்ட மூங்கிலால் தள்ளுவதென்று முடிவு செய்தார்.

"தம்பி, நான் மவுத்தானா வீட்டுக்குச் சொல்லிவிடு."

"அப்ப நான் செத்தா?"

"அதுக்குத்தான் பின்னால நில்லு எண்டுறன்."

"பிஸ்மில்லாஹ்!" என்று அலறிக்கொண்டு தள்ளினார். நீலப் பொறி பளீரென்று பறந்தது. பக்கத்துச் சவரக் கடையில் பாதி முகம் மழித்திருந்தவர் கழுத்துத் துணியோடு எழுந்து ஓடி, பஸ் நிற்கும் இடத்தில்தான் மூச்சு வாங்கினார். ஆனால் காந்தம் ஏறிவிட்டது. சுத்தியலைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் காந்தக் காக்கா.

என் ராத்தாவின், அதாவது அக்காவின், புருஷன், எங்கள் மச்சான், தன் வள்ளத்தில் ஒரு பழைய பெற்றோல் எஞ்சினைப் பூட்டியிருந்தார். கூடவே ஒரு புதுத் திசைகாட்டியும் வாங்கி, "இனி முள்ளு காட்டுறதுதான் வழி. அலையப் பாத்து ஓடுற காலம் போயிட்டு" என்று பெருமையடித்தார். எஞ்சினின் காந்தம் சோர்ந்ததும் காக்காவிடம் கொண்டுவந்தார். எந்த முனை வடக்கு, எது தெற்கு என்று பார்த்துத்தான் காந்தத்தைக் கருவியில் வைக்கவேண்டும். அதற்கு மச்சானின் திசைகாட்டியையே காக்கா வாங்கிப் பார்த்தார். வேலை அருமையாக முடிந்தது.

மறுநாள் மச்சான் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு, இரண்டு பேரோடு கடலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மழை மூடிக்கொண்டது. பத்து மணிபோலக் காக்கா என் கடைக்குள் ஓடிவந்தார். கையில் வேறொரு சின்னத் திசைகாட்டி.

"இத எடுக்க மறந்து, கருவிக்குப் பக்கத்திலயே வெச்சிட்டுச் சுவிச்சத் தள்ளிட்டன். பாரு!"

வடக்கைக் காட்டவேண்டிய முனை தெற்கே பொத்துவில் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. கருவியின் வேகத்தில் முள்ளுக்குத் தலைகீழாய்க் காந்தம் ஏறியிருந்தது.

"அதுக்கென்ன காக்கா, வேற ஒண்டு வாங்குவம்."

"நேத்து மச்சான்ட முள்ளும் இதே இடத்திலதான்டா கிடந்திச்சு!"

எங்கள் பக்கம் கடல் கிழக்கு, வீடு மேற்கு. மழையில் கரையும் தெரியாது, சூரியனும் தெரியாது. மச்சான் வீட்டுக்கு வருவதாக நினைத்து நடுக்கடலுக்குப் போய்க்கொண்டிருப்பார். ராத்தாவுக்கு அப்போது எட்டு மாதம்.

"எஞ்சின் இடையில நிண்டுரும் காக்கா" என்றேன், ஆறுதலாக.

"நிக்காதுடா! நான் ஏத்தின காந்தம். பெற்றோல் முடியுமட்டும் ஓடும்!" என்று அழுதார். தன் கைவேலை நன்றாயிருக்கிறதே என்று அழுத ஒரே மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடற்கரையில் நாலு பேர் தோணியைத் தள்ளினார்கள். நான் ஏறினேன். காக்காவும் ஒரு வெறும் பெற்றோல் தகரத்தோடு ஏறினார்.

"நீங்க வேணாம் காக்கா. உங்களையும் சேத்துத் தேட ஏலாது" என்றார் சுக்கான் பிடித்தவர்.

"பிழை என்ட. போ!" என்றவர், கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு திறக்கவே இல்லை.

அலையில் தோணி ஏறும்போது, உயிர் போகும் நேரத்தில் ஓதும் கலிமா; இறங்கும்போது அலறல். இரண்டுக்கும் நடுவில், இடுப்பில் செருகியிருந்த பட்டறைச் சாவியால் தகரத்தை அடித்துக்கொண்டே வந்தார். மச்சான் வழமையாக வலை போடும் இடத்துக்குப் போனால் ஆளில்லை. மழை மட்டும் கொட்டியது. ராத்தாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்துக்கொண்டே துடுப்பை வலித்தேன்.

அப்போது தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. கிட்ட வரவில்லை, விலகிப் போனது. காக்கா பேய் பிடித்தவர் மாதிரித் தகரத்தை அடித்தார். நாங்கள் எல்லோரும் தொண்டை கிழியக் கத்தினோம். எஞ்சின் சத்தம் நின்றது.

"ஆர் அது? மனிசனா, ஜின்னா?" மச்சானின் குரல்தான்.

"முள்ளப் பாக்காத தம்பி! அது பொய் சொல்லுது! என்ட சத்தத்துக்கு வா!" என்று காக்கா கத்தினார்.

மச்சானின் வள்ளம் எங்கள் தோணியைக் கட்டி இழுத்துக்கொண்டு, அலையைப் பார்த்தே கரைக்கு வந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். காக்கா மட்டும் தகரத்தைக் கட்டிப்பிடித்தபடி தோணிக்குள் குந்தியிருந்தார். சாவி பிடித்த உள்ளங்கை தோலுரிந்து இரத்தம் கசிந்தது.

"கண்ணத் தொறங்க காக்கா. கரைக்கு வந்திட்டம்" என்றேன்.

"உன்ட மச்சான் இரிக்கானா?"

"இரிக்கார். ராத்தாவும் வந்து நிக்கா."

"அப்ப தொறக்கன்."

எனக்குக் கூடப்பிறந்த காக்கா யாரும் கிடையாது. அன்றைக்குப் பிறகு அந்தக் குறை எனக்கு இருந்ததில்லை.